கம்பியின் குணமும் சங்கீதத்தின் குரலும்

ஆடி மாதம் பிறந்துவிட்டால் சேலம், நாமக்கல் சமவெளியில் மாரியம்மன் திருவிழாவும் ஒலிபெருக்கியும் ஒன்றைவிட்டு ஒன்று பிரியா. கோயில் வாசலில் ஒரு மேஜை, அதன்மேல் ஆம்ப்ளிபயர், அங்கிருந்து கிளம்பும் மெல்லிய கம்பி மரத்துக்கு மரம் தாவி, ஊர்க் கோடியிலுள்ள புனல் ஒலிபெருக்கிக்கும் பாட்டைக் கொண்டு சேர்த்துவிடுகிறது. அந்தப் பாட்டு ஊர்க் கோடிக்குத் தேவையா என்பது வேறு விஷயம். அவ்வளவு மெல்லிய கம்பி அவ்வளவு தூரம் எவ்வாறு சுமக்கிறது என்று நேயர்கள் எண்ணிப் பார்த்ததுண்டா?

100 வாட் சக்தியை 4 ஓம் ஒலிபெருக்கிக்கு நேராக அனுப்பினால் அழுத்தம் 20 வோல்ட்; ஓட்டம் 5 ஆம்பியர். அதே சக்தியை டிரான்ஸ்பார்மர் மூலம் 100 வோல்ட்டுக்கு உயர்த்தி அனுப்பினால் ஓட்டம் 1 ஆம்பியரே. கம்பியில் வீணாகும் சக்தியோ ஓட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே நஷ்டம் இருபத்தைந்தில் ஒரு பங்காகிவிடுகிறது. 1937-இல் மேட்டூர் நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியபோது, காவிரியின் சக்தியைத் தொலைதூர ஊர்களுக்கு அனுப்பக் கைக்கொண்ட உபாயமும் இதுவே. மைக் செட்டுக்காரர் இதைப் புத்தகத்தில் படித்திருக்கமாட்டார். தொழில் கற்றுக் கொடுத்துவிட்டது.

வீட்டுச் சங்கீதத்தில் இந்த வசதி கிடையாது. குறைந்த வோல்ட்டில் மிகுந்த ஓட்டம் செல்வதால், கம்பியின் தடை உடனே தன் கைவரிசையைக் காட்டும். நாமக்கல் அருகே கோழிப்பண்ணை வைத்திருக்கும் நமது நண்பர் ஒருவர், பார்வை மங்கிய தம் தகப்பனார் நாதஸ்வரம் கேட்பதற்கென ஓர் ஒலிபெருக்கியை அவருடைய அறையில் வைத்தார். ஆம்ப்ளிபயர் கூடத்தில் இருந்தது. இடையே 10 மீட்டர். பெரியவருக்குத் திருப்தியில்லை. தவிலின் அடி குழைந்து விழுகிறது என்றார். கடைக்காரர் ஒருவரோ எட்டாயிரம் ரூபாய்க் கேபிள் ஒன்றைச் சிபாரிசு செய்தார்.

"வாத்தியாரே, ஒயருக்குப் போய் எட்டாயிரம் கொடுக்கலாமுங்களா?" என்று நண்பர் வந்து நின்றார். மாதந்தோறும் மருந்துச் செலவே மிகுந்த குடும்பம், கேள்வி விளையாட்டன்று.

அவர் வீட்டிலிருந்த கம்பியின் பருமன் 0.5 சதுர மில்லிமீட்டர். போக 10, வர 10 ஆக 20 மீட்டர் செம்பின் தடை ஏறத்தாழ 0.69 ஓம். 4 ஓம் ஒலிபெருக்கிக்குச் சேரவேண்டிய சக்தியில் கால் பங்குக்குமேல் இதனால் குறைந்துவிடும். சத்தம் குறைவதோடும் போவதில்லை. ஒலிபெருக்கியின் தடை எல்லாச் சுருதிக்கும் ஒரே அளவாக இராது. சில இடங்களில் ஏறும், சில இடங்களில் இறங்கும். இறங்கிய இடத்துச் சுரங்களைக் கம்பி அதிகம் விழுங்கும். ஏறிய இடத்தில் குறைவாக விழுங்கும். அன்றியும், அதிர்ந்த காகிதக் கூம்பை உடனே அடக்கி நிறுத்தும் பிடியும் ஆம்ப்ளிபயருக்குத் தளர்ந்துபோகும். பெரியவரின் செவி சரியாகத்தான் கணித்திருந்தது.

வீட்டு ஒயரிங்குக்கு இழுக்கும் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியை மாற்றினால் தடை 0.14 ஓம், நஷ்டம் ஏழு சதவிகிதத்துக்குள் அடங்கும். அதையே வாங்கச் சொன்னோம். எட்டாயிரத்தில் ஒரு சிறு பங்கே செலவாயிற்று.

கேபிளின் மின்தேக்கமே இசையைக் கெடுக்கிறது என்பாரும் உளர். மின்தேக்கம் பொய்யன்று. 1858-இல் அட்லாண்டிக் கடலடியில் இட்ட தந்திக் கம்பி வழியே விக்டோரியா ராணியின் 98 சொற்கள் சென்று சேரச் சுமார் 16 மணி நேரம் ஆயிற்று. ஒவ்வொரு துடிப்பும் வழியில் கம்பியை நிரப்பி, பின் வடிந்தாக வேண்டியிருந்ததே அதற்கு முக்கிய காரணம். ஆனால் அது ஆயிரக்கணக்கான மைல். நம் கூடம் பத்து மீட்டர்! வீட்டில் மின்தேக்கம் உண்மையாகவே பேசும் இடம் ஒன்றுண்டு. இசைத்தட்டின் ஊசியிலிருந்து ஆம்ப்ளிபயருக்குச் செல்லும் சிறு கம்பியே அது. காந்த ஊசியின் சுருளும் கம்பியின் மின்தேக்கமும் கூடி, மேல்ஸ்தாயியின் நிறத்தை மாற்றவல்லன. அங்கே கம்பி குட்டையாக இருப்பது நலம்.

நண்பர் முதலில் வாங்கி வந்த சுருளைக் கத்தியால் சுரண்டினோம். மேலே செம்பு, உள்ளே வெள்ளை! செம்பு போர்த்த அலுமினியம். அலுமினியத்தை இகழ்வதற்கில்லை. ஏற்காட்டிலும் கொல்லிமலையிலும் வெட்டிய பாக்ஸைட்டிலிருந்து மேட்டூரில் 1965 முதல் 2008 வரை எடுத்த உலோகமன்றோ! ஒரே தடைக்குச் செம்பைவிட 1.6 மடங்கு பருமன் வேண்டும். எனினும் எடை பாதியே. வானில் தொங்கும் மின்பாதைகளுக்கு அதுவே உகந்தது. செம்பு விலைக்கு, செம்பின் பருமனில் அதை விற்பதே வஞ்சனை. தடை ஏறத்தாழ ஒன்றரை மடங்காகிவிடும். கடையில் சுரண்டிப் பார்க்க விடமாட்டார்கள். கையில் தூக்கிப் பார்க்கலாம். அதே நீளமும் பருமனுமுள்ள செம்புச் சுருள் தெளிவாகவே அதிகம் கனக்கும். நண்பர் அச்சுருளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கனத்ததைத் தேர்ந்து வாங்கி வந்தார்.