சக்கர நட்டு ஏன் தளர்கிறது?

நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி வழியாகச் சென்றால் காரவள்ளி வரும். கொல்லிமலையின் அடிவாரத்திலுள்ள சிற்றூர் அது. 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கொண்ட புகழ்பெற்ற மலைப்பாதை அங்கிருந்துதான் மேலே ஏறுகிறது. மலையிலிருந்து இறங்கி வரும் வாகனங்கள் பல, பிரேக்கின் சூடு ஆறட்டும் என்று அங்கே சற்று நேரம் நிற்பதும் உண்டு.

நீங்களும் உங்கள் காரில் அப்படி இறங்கி வந்து நிற்பதாக வைத்துக்கொள்வோம். கடைசிச் சில வளைவுகளில் இடப்பக்க முன்சக்கரத்திலிருந்து 'டக், டக்' என்று ஓர் ஓசை வந்தது. வேகம் கூடினால் ஓசையும் விரைந்தது. வேகம் குறைந்தால் ஓசையும் தணிந்தது. இறங்கிப் பார்க்கிறீர்கள். ஸ்பேனரை மாட்டியதும் நட்டு எளிதாகத் திரும்புகிறது. போன வாரம்தான் அதை நன்றாக இறுக்கினீர்கள்; அதற்கு முந்திய மாதமும் இறுக்கினீர்கள். ஏன் இப்படி மீண்டும் மீண்டும் தளர்கிறது?

'சரியாக இறுக்கவில்லை' என்பதுதான் எல்லாரும் சொல்லும் பதில். சில வேளைகளில் அது உண்மை. ஆனால் இறுக்க இறுக்கத் தளரும் நட்டுக்கு அந்த விடை போதாது. நட்டு எவ்வாறு பிடித்துக்கொண்டிருக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால்தான் அது ஏன் விடுகிறது என்பது விளங்கும்.

நீளும் இரும்பு

சக்கரத்தைத் தாங்கி நிற்பது போல்ட்டு என்று பலர் எண்ணுகிறார்கள். சுவரில் அடித்த ஆணியில் சட்டை தொங்குவதுபோல், காரின் பாரம் நான்கு போல்ட்டுகளின்மேல் தொங்குகிறது என்பது அவர்கள் எண்ணம். உண்மை அதுவன்று. நட்டை இறுக்கும்போது போல்ட்டு சற்றே நீள்கிறது. எஃகும் ரப்பரைப் போல மீள்தன்மை உடையதுதான். நீட்டினால் பழைய நீளத்துக்குத் திரும்பவே முயலும். இந்த முயற்சியே சக்கரத்தை அதன் பின்னாலுள்ள ஹப்போடு சேர்த்து அழுத்துகிறது. அவ்வாறு அழுத்தப்பட்ட இரண்டு முகங்களுக்கும் இடையே எழும் உராய்வுதான் சக்கரத்தை நகரவிடாமல் பிடித்திருக்கிறது. ஆகவே போல்ட்டு ஓர் ஆணியன்று. அது ஒரு சுருள்வில் எனலாம்.

எவ்வளவு நீள்கிறது? சிறிய கார் ஒன்றை எடுத்துக்கொள்வோம். போல்ட்டின் விட்டம் 12 மில்லிமீட்டர். புரிக்குப் புரி இடைவெளி ஒன்றரை மில்லிமீட்டர். இத்தகைய நட்டை ஏறத்தாழ 100 நியூட்டன்-மீட்டர் முறுக்குவிசையில் இறுக்குவது வழக்கம். கால் மீட்டர் நீளமுள்ள ஸ்பேனரின் நுனியில் 40 கிலோ எடையைத் தொங்கவிட்டால் கிடைக்கும் முறுக்குவிசை அது. அவ்வாறு இறுக்கினால் ஒவ்வொரு போல்ட்டிலும் ஏறத்தாழ 4 டன் இழுவிசை உண்டாகும். நட்டுக்கும் ஹப்புக்கும் இடைப்பட்ட பகுதி 20 மில்லிமீட்டர் என்று கொண்டு கணக்கிட்டால், போல்ட்டு நீள்வது 0.046 மில்லிமீட்டர்தான். தலைமுடியின் கனம்கூட இல்லை!

இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஓர் அங்குலம் நீட்டிய ரப்பர் வளையத்தை மில்லிமீட்டர் தளர்த்தினாலும் அதன் இறுக்கம் பெரிதாகக் குறையாது. ஆனால் 0.046 மில்லிமீட்டர் மட்டுமே நீண்டிருக்கும் போல்ட்டில், 0.02 மில்லிமீட்டர் தளர்ந்தாலே பிடிப்பில் பாதிக்குக் கிட்டப் போய்விடும். நட்டு ஒரு பாகைகூடத் திரும்பாமலே இது நேரலாம்.

பிடிப்பு பாதியானால் என்ன என்று கேட்கலாம். நான்கு நட்டுகளும் சேர்ந்து 16 டன் அழுத்துகின்றன. உராய்வுக் கெழு 0.15 என்றால், சக்கரத்தைப் பிடித்திருக்கும் உராய்வு விசை 2.4 டன். இப்போது அவசரமாகப் பிரேக்கை அழுத்துகிறீர்கள். முன்சக்கரத்தின்மேல் 400 கிலோ பாரம் இருந்தால், சாலை டயரை ஏறத்தாழ 320 கிலோ விசையுடன் பின்னுக்கு இழுக்கும். டயரின் ஆரம் 28 சென்டிமீட்டர். நட்டுகள் அமைந்துள்ள வட்டத்தின் ஆரமோ 5 சென்டிமீட்டர். நெம்புகோல் விதிப்படி அந்த 320 கிலோ, நட்டு வட்டத்தில் ஏறத்தாழ 1.8 டன்னாகப் பெருகிவிடுகிறது. 2.4 டன் பிடிப்பு இருக்கும்வரை கவலையில்லை. அது 1.2 டன்னாகிவிட்டால்? சக்கரம் ஹப்பின்மேல் வழுக்குகிறது. இனிமேல் உராய்வின் வேலையைப் போல்ட்டுகளே செய்யவேண்டும். அவை அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல.

சாய்தளமும் அதிர்வும்

வழுக்கத் தொடங்கிய பிறகுதான் நட்டு உண்மையில் சுழன்று கழல்கிறது. இதை விளங்கிக்கொள்ளக் காரவள்ளியின் மலைப்பாதையையே பாருங்கள். செங்குத்தான மலையில் நேராக ஏற முடியாது என்பதால் சாய்வான பாதையை மலைமேல் சுற்றி வளைத்து அமைத்திருக்கிறார்கள். திருகின் புரியும் அவ்வாறு உருளையின்மேல் சுற்றிய சாய்தளம்தான். நாம் எடுத்துக்கொண்ட போல்ட்டில் அதன் சாய்வு மிகவும் மென்மையானது: 23 அடி சென்றால் 1 அடி ஏற்றம். அதில் நிற்கும் பொருள் தானே சறுக்கவேண்டுமானால், சாய்வு 7 அடிக்கு 1 அடி என்ற அளவிலாவது இருக்கவேண்டும். ஆகவே நட்டு தானாகக் கீழே சறுக்க வழியில்லை.

ஒரு பலகையைச் சற்றே சாய்த்து அதன்மேல் செங்கல் ஒன்றை வையுங்கள். அது நகராது. இப்போது பலகையைப் பக்கவாட்டில் இடமும் வலமுமாக ஆட்டுங்கள். செங்கல் பக்கவாட்டில் வழுக்கும்போதெல்லாம் சிறிது சிறிதாகக் கீழேயும் இறங்குவதைக் காண்பீர்கள். உராய்வு ஒரு திசையில் தோற்றுவிட்டால் மற்றத் திசைகளிலும் அதற்கு வலு இருப்பதில்லை. பிரேக்கைப் பூட்டி வழுக்கும் கார், பக்கவாட்டிலும் பிடிப்பை இழப்பது இதனால்தான்.

இந்த உண்மையை நட்டுகளின்மேல் வைத்துச் சோதித்துக் காட்டியவர் ஜெர்மானியப் பொறியாளர் கெர்ஹார்ட் யுங்கர். 1969இல் அவர் வெளியிட்ட ஆய்வுக்கு முன்பு, போல்ட்டின் நீளவாக்கில் ஏற்படும் அதிர்வே நட்டைக் கழற்றுகிறது என்று பலரும் நம்பியிருந்தனர். குறுக்குவாக்கில் ஏற்படும் வழுக்கலே அதைவிடக் கொடியது என்று அவருடைய சோதனைகள் காட்டின. சோதனை எந்திரத்தில், நன்கு இறுக்கிய நட்டும் குறுக்கு அசைவு தொடங்கியதும் சிறிது நேரத்தில் தானே சுழன்று தளர்ந்தது. நம் ஊர்ப் பட்டறைகளில் பெரிதும் நம்பப்படும் ஸ்பிரிங் வாஷரால் இதைத் தடுக்க முடியவில்லை என்பதும் இவ்வகைச் சோதனைகளில் தெரிந்தது. சிறிய டயர் கொண்ட காரில் சக்கரம் ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 570 முறை சுழல்கிறது. மலைப்பாதையில் 20 கிலோமீட்டர் ஓடினால் 11,000 சுழற்சிக்கு மேல்! தளர்ந்த நட்டுக்கு வாய்ப்புக்குக் குறைவில்லை.

இடப்பக்கம் என்றேன் அல்லவா? அதற்கும் ஒரு காரணம் உண்டு. கையை லேசாக மூடி, முட்டிக்குள் பென்சிலைத் தளர்வாக நிறுத்துங்கள். பென்சிலின் மேல்நுனியை மற்றொரு கையால் வலஞ்சுழியாக வட்டமாகச் சுற்றுங்கள். பென்சில் தன் அச்சில் இடஞ்சுழியாக உருள்வதைக் காணலாம். துளைக்குள் தளர்வாக இருக்கும் எந்தப் பொருளும் இவ்வாறு எதிர்த்திசையில் உருளும். சைக்கிளின் இடப்பக்கப் பெடலுக்கு இடப்புரி அமைப்பது இதற்காகவே. பழைய லாரிகள் பலவற்றிலும், 1970 வாக்கில் வரை கிரைஸ்லர் நிறுவனத்தின் கார்களிலும் இடப்பக்கச் சக்கரங்களுக்கு இடப்புரியே இருந்தது. பின்னர் இரு பக்கமும் வலப்புரியே போதும் என்றாயிற்று. பிரிட்டனில் கனரக வாகனங்களின் இடப்பக்கச் சக்கரங்களே அதிகம் கழன்றது பின்னர் கவனிக்கப்பட்டது. அங்கே 2006இல் வெளியான ஆய்வொன்று, ஆண்டுக்கு 150 முதல் 400 வரை கனரக வாகனச் சக்கரங்கள் கழன்று ஓடுவதாக மதிப்பிட்டது. கனடாவின் ஒன்டாரியோ மாநிலம் 1997இலேயே இதற்கெனக் கடும் அபராதச் சட்டம் கொண்டுவந்தது. இருப்பினும், சரியான இறுக்கத்தில் உள்ள நட்டுக்கு இடப்புரியா வலப்புரியா என்பது பொருட்டில்லை. தளர்ந்த பிறகுதான் அந்த வேறுபாடு தலைகாட்டும்.

தின்பவை எவை?

அப்படியானால், தலைமுடி கனம்கூட இல்லாத அந்த நீட்சியை முதலில் தின்பது எது? பெரும்பாலும் பெயின்ட்டு.

அழகுக்காகச் சக்கரத்துக்குப் பட்டறையில் இரண்டு மூன்று கோட்டிங் பெயின்ட்டு அடிக்கிறோம். ஹப்பின்மேல் பொருந்தும் முகத்திலும் நட்டு அமரும் குழியிலும் அது படிந்துவிடுகிறது. 4 டன் அழுத்தத்திலும் பிரேக்கின் சூட்டிலும் அந்தப் பெயின்ட்டு நாளடைவில் நசுங்கி வெளியேறுகிறது. நசுங்குவது 0.03 மில்லிமீட்டராக இருந்தாலும் போதும்; போல்ட்டின் நீட்சியில் பெரும்பகுதி போய்விட்டது. துரு, மண், பழைய டிரம்மின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் செதில்கள் ஆகியவற்றின் கதையும் இதுவே. நட்டை எத்தனை முறை இறுக்கினாலும் இவை உள்ளே இருக்கும்வரை நசுங்கிக்கொண்டே இருக்கும். சக்கரத்தைக் கழற்றி இரு முகங்களையும் கம்பித் தூரிகையால் வெறும் உலோகம் தெரியும்வரை தேய்ப்பதே மருந்து.

அடுத்தது, பொருந்தாத நட்டு. சில நட்டுகளின் அடிப்பகுதி கூம்பாக இருக்கும்; சிலவற்றில் பந்துபோல் உருண்டிருக்கும்; சிலவற்றில் தட்டையாக வாஷருடன் இருக்கும். சக்கரத்தின் குழியும் அதே வடிவில் இருக்கவேண்டும். இரும்புச் சக்கரத்தை எடுத்துவிட்டு அலாய் சக்கரம் போடும்போது பழைய நட்டையே போட்டுவிடுவது பலர் செய்யும் தவறு. உருண்டைக் குழியில் கூம்பு நட்டு அமர்ந்தால் மெல்லிய ஒரு கோட்டில்தான் தொடும். அந்தக் கோடு விரைவில் நசுங்கும்.

மூன்றாவது காரணம் நமக்கு நாமே செய்துகொள்வது: மிகையாக இறுக்குதல். 60 கிலோ எடையுள்ளவர் 40 சென்டிமீட்டர் ஸ்பேனரின்மேல் ஏறி நின்றால் முறுக்குவிசை 235 நியூட்டன்-மீட்டர். வேண்டியதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். இழுத்துக் கெடுத்த சுருள்வில்லைப்போல் போல்ட்டு நிரந்தரமாக நீண்டுவிடும். அதன்பின் எத்தனை இறுக்கினாலும் பழைய வலு வராது. ஒருநாள் முறியவும் கூடும். புரியில் எண்ணெய் விடுவதும் இத்தகையதே. நாம் ஸ்பேனரில் செலுத்தும் முயற்சியில் 100இல் ஏறத்தாழ 90 பங்கு உராய்வை வெல்லவே செலவாகிறது. 10 பங்குதான் போல்ட்டை நீட்டுகிறது. எண்ணெய் விட்டு உராய்வைக் குறைத்தால் அந்த 10 பங்கு 15ஆகவோ 20ஆகவோ ஏறிவிடும். கை உணர்வது ஒன்று, போல்ட்டு படுவது வேறொன்று. காரின் கையேடு வேறுவிதமாகச் சொன்னாலன்றிப் புரி உலர்ந்தே இருக்கட்டும்.

காரவள்ளியில் நிற்பவர்களுக்கென்றே சொல்லவேண்டிய ஒன்று சூடு. அலுமினியக் கலவைச் சக்கரம் எஃகைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியக்கூடியது. இறங்கி வந்த சூட்டில் நட்டு அமரும் பகுதியின் வெப்பநிலை 100 டிகிரி கூடியிருந்தால், 15 மில்லிமீட்டர் கனமுள்ள அலுமினியம் எஃகுப் போல்ட்டைவிட 0.016 மில்லிமீட்டர் அதிகமாக விரிந்திருக்கும். அந்த நிலையில் நட்டை அளவாக இறுக்கிவிட்டு வீட்டுக்குப் போகிறீர்கள். இரவு எல்லாம் குளிர்ந்து சுருங்குகிறது. போல்ட்டின் நீட்சியில் மூன்றில் ஒரு பங்கு காலையில் இல்லை! ஆகவே, நட்டு கையால் திரும்பும் அளவுக்குத் தளர்ந்திருந்தாலொழியச் சூடான சக்கரத்தில் ஸ்பேனரைப் போடாதீர்கள். போடவேண்டி வந்தால், குளிர்ந்தபின் மறுபடியும் சரிபாருங்கள்.

நட்டுக்கும் சக்கரத்துக்கும் குறுக்கே பெயின்ட்டால் ஒரு கோடு போட்டு வைப்பது நல்ல பழக்கம். கோடு விலகினால் நட்டு சுழன்றது என்று தெரியும். லாரிகளில் நட்டுக்கு நட்டு மஞ்சள் நிறப் பிளாஸ்டிக் முள் மாட்டுவதும் இதற்குத்தான். ஆனால் பெயின்ட்டு நசுங்கிப் பிடிப்புக் குறைந்திருந்தால் கோடு விலகாது என்பதை மறக்கவேண்டாம். நட்டைச் சுற்றித் துருநிறக் கீற்றுகள் கதிர்போல் பரவியிருக்கிறதா என்று பாருங்கள். இரும்பு இரும்போடு உராய்ந்து உதிர்ந்த பொடி அது. நட்டு திரும்பும் முன்பே தோன்றிவிடும் சாட்சி.

இப்போது காரவள்ளியில் நிற்கும் உங்கள் காருக்கு வருவோம். ஒரு சக்கரத்தில் எல்லா நட்டுகளும் தளர்ந்திருந்தால் முகங்களுக்கு இடையே ஏதோ இருக்கிறது. ஒரே நட்டு மட்டும் திரும்பத் திரும்பத் தளர்ந்தால் அந்தப் போல்ட்டின் புரியையும் அதன் குழியையும் பாருங்கள். குழி முட்டைவடிவமாக அகன்றிருந்தால் அந்தச் சக்கரத்தை ஒதுக்கிவிட வேண்டியதுதான். வெல்டிங் வைத்து ஓட்டலாம் என்று யாரேனும் சொன்னால் கேட்காதீர்கள். எல்லாம் சீராக இருந்தால், ஜாக்கியில் தூக்கிய நிலையில் நட்டுகளைக் கையால் முடுக்கி, எதிரெதிர் நட்டுகளாக மாற்றி மாற்றி ஓரளவு இறுக்குங்கள். காரை இறக்கியபின் டார்க் ரெஞ்ச் கொண்டு அதே வரிசையில் முழு அளவுக்கு இறுக்குங்கள். எவ்வளவு சுத்தம் செய்தாலும் உலோக முகங்களின் நுண்ணிய மேடுகள் முதல் ஓட்டத்தில் சற்றே அமுங்கும். ஆகவே 50 முதல் 100 கிலோமீட்டருக்குள், சக்கரம் குளிர்ந்திருக்கும்போது, மறுபடியும் ஒருமுறை ரெஞ்சை வைத்துப் பாருங்கள். அப்போது நட்டு சிறிதளவு திரும்பினால் வியப்பில்லை. அதற்கடுத்த முறையும் திரும்பினால், இறுக்கவேண்டாம், சக்கரத்தைக் கழற்றுங்கள்.