நிலத்தடியின் கணக்குச் சீட்டு

மராட்டியத்தின் எரிமலைப் பாறையிலும் தெலங்கானா, கர்நாடகத்தின் கருங்கல்லிலும் நீர் எங்கும் பரந்து கிடப்பதில்லை. மேலே சிதைந்த பாறையடுக்கிலும் கீழே வெடிப்புகளிலுமே தங்குகிறது. அதனால்தான் ஒரு வயலில் பொங்கும் நீர், அடுத்த வயலில் பலநூறு அடி துளைத்தும் கிட்டாமற்போகிறது. செலவு மட்டும் உழவரின் கடனாக நிற்கிறது.

ஊர்ப்புறத்தில் ஆழ்துளைக் கிணறு அமைக்கும் ஒப்பந்ததாரர் அடிக்கணக்கில் கூலி பெறுபவர். ஆகவே ராடு இறங்க இறங்கக் குறிப்பு எழுதுகிறார். நாம் அதைக் கூலிச் சீட்டாகவே காண்கிறோம். கேசிங் குழாய் எத்தனை அடி இறங்கியது, கெட்டிப் பாறை எங்கே தொடங்கியது, புழுதி சேறாகி நீர் வந்தது எந்த அடியில், இறுதியில் எத்தனை அங்குல நீர் கிடைத்தது ஆகிய நான்கும் இருந்தால், அது நிலத்தடியின் வரைபடமாகிவிடும்.

மோட்டாரை எந்த ஆழத்தில் இறக்குவது, எத்தனை குதிரைத்திறன் போதும் என முடிவுசெய்ய அது துணைபுரியும். பின்னாளில் நீர் குறைந்தால் முன்னளவோடு ஒப்பிடலாம். நீரற்ற துளையின் குறிப்பும் வீணன்று. அதனருகிலேயே மீண்டும் பணத்தைப் புதைக்காமல் நம்மை எச்சரிக்கும்.

கைவிட்ட துளைகளில் குழந்தைகள் விழுந்ததையடுத்து, உச்ச நீதிமன்றம் 2010ஆம் ஆண்டில் நெறிமுறைகளை வகுத்தது. 15 நாள் முன்னதாக எழுத்து மூலம் அறிவித்தல், பதிவு பெற்றவரையே அமர்த்துதல், கைவிட்ட துளையை அடிமுதல் நிரப்புதல் ஆகியன அவற்றுள் அடங்கும்.

ரிக் வண்டி புறப்படுமுன் கையொப்பமிட்ட குறிப்பைக் கேட்டுப் பெறுவோம். நிலப்பத்திரத்தோடு சேர்த்து வைப்போம். அடுத்த கிணற்றுக்குக் கடன் நாடுமுன், முதலில் படிக்க வேண்டிய ஏடு அதுவே.