பெருகும் பட்டணம், நெருங்கும் வீதிகள்

பண்டிகை விடுமுறை முடிந்த ஓர் இரவு. வட்டகொடைப் புகையிரத நிலையத்தின் மேடையைப் பனி மூடிக்கொண்டிருந்தது. கொழும்புக்குச் செல்லும் தபால் வண்டியை எதிர்பார்த்து நின்ற கூட்டத்தில் நாமும் நின்றோம். அங்கிருந்தோரிற் பெரும்பாலோர் தோட்டத்து இளைஞர்கள். ஒரு தாய் தம் மகனின் கையிற் சோற்றுப் பொதியைத் திணித்து, "போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணு, ராசா" என்றார்.

வண்டியில் அந்த இளைஞர் நமக்கு எதிரே அமர்ந்தார். வத்தளையில் வாடகை அறை. வெள்ளவத்தையிற் கடை வேலை. "ரயில் பயணம் எனக்குக் களைப்பில்லை, ஐயா. அறைக்கும் கடைக்கும் நடுவே தினம் படுகிற பாடுதான் பெரிது. போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி" என்றார்.

நாம் மனக்கணக்குப் போட்டுப் பார்த்தோம். நாளொன்றுக்கு 3 மணி நேரம். மாதம் 26 நாள் வேலை. ஆக 78 மணி நேரம். மாதந்தோறும் மூன்று பகலும் மூன்று இரவும் அவர் வாழ்வில் வீதியிலேயே கழிகின்றன! வருடக் கணக்கிற் பார்த்தால் ஏறத்தாழ 39 நாட்கள். இது யார் கொள்ளையிட்ட காலம்?

ஜனத்தொகை பெருகியதே காரணம் என்று நம்மிற் பலர் உடனே விடை கூறுவர். அதில் உண்மை உண்டு. 1946ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி இலங்கையின் மக்கள் தொகை 66 இலட்சம். மலேரியாக் காய்ச்சலை ஒழிக்கும் முயற்சி அக்காலத்தில் வெற்றி கண்டது. ஆயிரம் பேருக்கு 20 ஆக இருந்த இறப்பு விகிதம், 1947இல் 14 ஆகக் குறைந்தது. பிழைத்த குழந்தைகள் வளர்ந்தனர். 1971இல் மக்கள் தொகை 1 கோடியே 26 இலட்சமாயிற்று. இன்று 2 கோடியே 17 இலட்சத்தைத் தாண்டிவிட்டது.

ஆனால், தலைநகரின் கணக்கை நோக்கினால் ஒரு வியப்புக் காத்திருக்கிறது. கொழும்பு மாநகர எல்லைக்குள் 1971இல் வாழ்ந்தோர் ஏறக்குறைய 5 இலட்சத்து 62 ஆயிரம் பேர். 2012இல் வாழ்ந்தோர் 5 இலட்சத்து 61 ஆயிரம் பேர். நாற்பது ஆண்டுகளில் நகரின் குடிசனம் சற்றும் பெருகவில்லை! அப்படியாயின் வீதிகளை நிறைப்போர் யார்?

நகரைச் சூழ வாழ்வோரே அவர்கள். நகரத்து நிலத்தின் விலை ஏற ஏற, மக்கள் வத்தளைக்கும் கடவத்தைக்கும் மகரகமைக்கும் மொரட்டுவைக்கும் குடிபெயர்ந்தனர். 2024ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் கொழும்பு மாவட்டத்தையும் மிஞ்சி, 24 இலட்சத்துக்கு மேற்பட்ட மக்களுடன் கம்பஹா மாவட்டமே நாட்டில் முதலிடம் பெற்றது. வீடு வெளியே சென்றது; வேலையோ உள்ளேயே நின்றுவிட்டது. துறைமுகம், வங்கிகள், பெரிய வைத்தியசாலைகள், பேர்பெற்ற பாடசாலைகள் யாவும் பழைய நகரிலேயே உள்ளன. காலையில் எல்லோரும் ஒரே நேரத்தில் உள்ளே நுழைகின்றனர். மாலையில் ஒரே நேரத்தில் வெளியேறுகின்றனர். வெள்ளம் ஒன்று, மதகு ஒன்று.

வழி காணும் முயற்சிகள் இல்லாமற் போகவில்லை. 1899இல் ஓடத் தொடங்கிய டிராம் வண்டி 1960இல் நின்றது. 1953இல் வந்த மின்சாரத் தள்ளுபஸ்களும் 1964க்குப் பின் மறைந்தன. பாராளுமன்றம் 1982இற் கோட்டைக்கு இடம் மாறிற்று. காரியாலயங்கள் பல பத்தரமுல்லைக்குச் சென்றன. ஆயினும் அது அடுத்த வீட்டுக்குக் குடிபோனதைப் போன்றதே; நெரிசலின் எல்லை விரிந்ததேயன்றி நெரிசல் தீரவில்லை. ஜப்பானியக் கடனுதவியுடன் அமையவிருந்த இலகு புகையிரதத் திட்டமும் 2020இற் கைவிடப்பட்டது.

பிற நாடுகள் என்ன செய்தன? நம்மவர் பலர் வாழும் சிங்கப்பூர், 1975இலேயே நகர மையத்துள் நுழையும் மோட்டார் வண்டிகளுக்குக் கட்டணம் விதித்தது. இலண்டன் மாநகரம் 2003இல் அவ்வழியைப் பின்பற்றிற்று. இரு நகரங்களிலும் பொது வாகனங்கள் திருத்தமாக ஓடியதனாலேயே மக்கள் அதற்கு இணங்கினர் என்பதையும் மறத்தலாகாது. ஐம்பது பேரைச் சுமக்கும் ஒரு பஸ், இரண்டு மூன்று கார்கள் அடைக்கும் இடத்தையே அடைக்கிறது. அந்த பஸ்ஸிற் பெண்களும் முதியோரும் மானத்தோடு பயணஞ்செய்ய இயலுமாயின், வசதியுள்ளவரும் காரை வீட்டில் விட்டு வருவர்.

ஆனால் இக்கதையின் மறு நுனி மலைநாட்டிலே இருக்கிறது. கோப்பிச் செல்வத்தைக் கடற்கரைக்கு இறக்கவே இந்த இரும்புப் பாதை போடப்பட்டது. 1867இற் கண்டியையும், 1884இல் ஹற்றனையும், 1885இல் நானுஓயாவையும் அது எட்டிற்று. அதற்குள் கோப்பி நோயால் அழிய, தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. அன்று பெட்டி பெட்டியாகத் தேயிலை இறங்கிய அதே பாதையில் இன்று நம் பிள்ளைகள் இறங்குகின்றனர்.

அவர்களைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை. லயத்துக் காம்பராவுக்கு அப்பால் ஓர் உலகைத் தேடுவது குற்றமாகுமா? ஆயினும் ஒன்று கேட்கிறோம். தலவாக்கலையிலும் ஹற்றனிலும் ஒரு நல்ல தொழிற்பயிற்சிக் கூடமும், ஊதியம் தரும் தொழிற்சாலைகளும் நிறைந்திருந்தால், இத்தனை பேர் வத்தளையில் அறை தேடுவரோ? தலைநகரின் நெரிசலுக்கு மருந்து தலைநகர வீதிகளில் மட்டும் இல்லை. அது வட்டகொடையிலும் வேண்டும், மன்னாரிலும் வேண்டும், மொனராகலையிலும் வேண்டும். பாலங்களுக்கும் மேம்பாலங்களுக்கும் செலவிடுவோர் இதனைச் சிந்தித்தல் நன்று.

மாணவ நண்பர்களே, நாளை பொறியியலாளராகவோ அதிகாரியாகவோ வரும்போது, வீதியை அகலமாக்குவதோடு நின்றுவிடாதீர்கள். மக்கள் ஏன் அந்த வீதிக்கு வர நேர்ந்தது என்றும் கேளுங்கள்.

பொழுது புலர்ந்தபோது வண்டி மருதானையை அடைந்தது. நம் எதிரே இருந்த இளைஞர் தாயாருக்குத் தொலைபேசியில், "வந்து சேர்ந்துவிட்டேன், அம்மா" என்றார். வெளியே வீதியில் வாகனங்கள் அசையாது நின்றன. அவர் கடைக்குப் போய்ச் சேர இன்னும் நெடுநேரம் இருந்தது.