மலத்தில் வரும் ரத்தமெல்லாம் மூலம் அல்ல

தர்மபுரி, அரூர், பென்னாகரம் என்று எந்தப் பேருந்து நிலையத்தில் இறங்கினாலும் சுவரில் ஒரு விளம்பரம் கண்ணில் படும்: மூலம், பௌத்திரம், ஆசனவாய் வெடிப்புக்கு ஆபரேஷன் இல்லாத வைத்தியம். மலத்தோடு ரத்தம் போவதைப் பார்த்துப் பயந்தவர் முதலில் தேடுவது பெரும்பாலும் அந்த முகவரியைத்தான். உடம்புச் சூடு என்று மோர் குடிப்பார், கருணைக்கிழங்கு சமைக்கச் சொல்வார், துத்தி இலையை வதக்கிக் கட்டுவார். மூலமாக இருந்தால் இதிலெல்லாம் பெரிய கெடுதல் இல்லை. ஆனால் வாரக்கணக்கில் சளியும் ரத்தமுமாகப் போகிறது, நடு ராத்திரியில் வயிறு எழுப்பிவிடுகிறது, உடம்பு இளைக்கிறது என்றால் குடலே புண்ணாகிக் கிடக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். அந்தச் சந்தேகம் வருவதற்கே நம் ஊரில் பலருக்கு ஒன்றிரண்டு வருடம் ஆகிவிடுகிறது.

குடல் அழற்சி நோய்க்கு உலகில் இன்று புதுப்புது மருந்துகள் வந்தபடி இருக்கின்றன. அவற்றைப் பற்றிச் சொல்லத்தான் போகிறேன். நோய் இன்னதென்று சரியாகக் கண்டுபிடிக்காத வரை அந்த மருந்துகளால் நமக்கு ஒரு பயனும் இல்லை என்பதால், கதையை அங்கிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

இரண்டு நோய்கள், ஒரே குடும்பம்

அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் பெருங்குடலை மட்டும் பிடிப்பது. மலக்குடலில் தொடங்கி இடைவெளி இல்லாமல் மேலே ஏறும். உள்தோலோடு நின்றுவிடும். ரத்தமும் சளியும் அவசரமும்தான் இதன் அடையாளம். கிரோன் நோய் வாயிலிருந்து ஆசனவாய் வரை எங்கு வேண்டுமானாலும் வரும். சிறுகுடல் முடியும் இடம் அதற்குப் பிடித்தமானது. குடல் சுவரின் முழுக் கனத்தையும் அரிப்பதால் குடல் சுருங்கி அடைபடும், ஓட்டை விழுந்து பக்கத்து உறுப்போடு ஒட்டிக்கொள்ளும். 1932-ல் நியூயார்க் மவுண்ட் சினாய் மருத்துவமனையில் பர்ரில் கிரோனும் அவருடைய சகாக்கள் இருவரும் இதை விவரித்து எழுதியதால் அந்தப் பெயர்.

வலது அடிவயிற்று வலியை அப்பெண்டிக்ஸ் என்று நினைத்து அறுத்த பிறகும் வலி நிற்காதவர்கள், பௌத்திரத்துக்கு இரண்டு முறை ஆபரேஷன் செய்தும் மறுபடி சீழ் வருபவர்கள், சாப்பிட்டாலும் வளராத பள்ளிப் பிள்ளைகள் ஆகியோருக்குக் கிரோன் இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். இரண்டு நோய்களும் பெரும்பாலும் 15 வயதுக்கும் 40-க்கும் இடையில் தலைகாட்டுகின்றன. தொற்றாது. மரபணு, குடலில் வாழும் நுண்ணுயிர்கள், சொந்தக் குடலையே எதிரியாகப் பார்க்கும் நோய் எதிர்ப்பு ஆகிய மூன்றும் சேர்ந்து செய்யும் வேலை இது. காரம் தின்றதால் வந்த வினை என்று மருமகளையோ சமையலையோ குற்றம் சொல்ல வேண்டியதில்லை.

தர்மபுரிக்கென்று ஒரு கூடுதல் குழப்பமும் உண்டு. குடல் அழற்சி உள்ளவர்களில் கணிசமானோருக்கு மூட்டும் முதுகும் வலிக்கும். ஃபுளோரைடு தண்ணீரைத் தலைமுறைகளாகக் குடித்து, ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வரும்வரை பல்லும் எலும்பும் கெட்ட மாவட்டம் இது. மூட்டு வலி என்றால் பழி தண்ணீர்மேல் போகும். மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கி விழுங்குவதும் பழக்கம். டைக்ளோஃபெனாக் போன்ற அந்த மாத்திரைகள் குடல் புண்ணைக் கிளறிவிடக் கூடியவை. மூட்டு வலியோடு வயிற்றுப்போக்கும் இருந்தால் இரண்டையும் ஒரே டாக்டரிடம் ஒரே மூச்சில் சொல்லிவிடுவது நல்லது.

பட்டணத்து வியாதி என்ற நினைப்பு

இது வெள்ளைக்காரர் நோய், அப்புறம் பட்டணத்து நோய் என்று வெகுகாலம் பேசிவந்தோம். லூதியானாவில் அஜித் சூட் குழுவினர் ஏறத்தாழ 52,000 பேரை வீடு வீடாகப் பரிசோதித்து 2003-ல் வெளியிட்ட ஆய்வில் லட்சத்துக்கு 44 பேருக்கு அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் இருந்தது. பஞ்சாப் கணக்கைத் தர்மபுரிக்கு அப்படியே பொருத்த முடியாதுதான். ஒரு பேச்சுக்குப் பொருத்தினால், 2011 கணக்கெடுப்பின்படி 15 லட்சம் பேர் வாழும் மாவட்டத்தில் அறுநூறு பேருக்கு மேல் வருகிறார்கள்.

நம் மாவட்டத்தில் ஐந்தில் நான்கு பேர் கிராமவாசிகள் என்பதால் 2023-ல் வந்த இன்னொரு ஆய்வு முக்கியமாகிறது. ஹைதராபாதின் ஏ.ஐ.ஜி. மருத்துவமனையைச் சேர்ந்த ரூபா பானர்ஜி குழுவினர், குடல் தொந்தரவோடு வந்த தெலங்கானா கிராமத்தாரையும் நகரத்தாரையும் ஒப்பிட்டார்கள். இரு தரப்பிலும் குடல் அழற்சி ஏறக்குறைய ஒரே விகிதத்தில் இருந்தது.

காசநோயா, கிரோனா

இந்திய டாக்டருக்குப் பெரிய தலைவலி தரும் கேள்வி இது. குடல் காசநோயும் கிரோன் நோயும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். இரண்டும் அதே சிறுகுடல் முனையைப் பிடிக்கும், இரண்டிலும் காய்ச்சல், எடை இழப்பு, குடல் சுருக்கம் வரும். வைத்தியமோ நேர் எதிர். கிரோன் என்று நினைத்து ஸ்டீராய்டு கொடுத்து, உள்ளே காசநோய் இருந்துவிட்டால் கிருமி உடம்பெங்கும் பரவும். காசநோய் என்று மாதக்கணக்கில் மாத்திரை கொடுத்து, உண்மையில் கிரோனாக இருந்தால் அந்த மாதங்களில் குடல் சுருங்கிக்கொண்டே போகும். அப்படிச் சுருக்கம் கூடுவதை எய்ம்ஸ் ஆய்வொன்று பதிவு செய்திருக்கிறது.

இந்தச் சிக்கலை அவிழ்த்ததில் நம் பக்கத்து ஊருக்குப் பங்கு உண்டு. வேலூர் சி.எம்.சி.யின் நோய்க்குறியியல் மருத்துவர் அன்னா புலிமூட், பி.எஸ். ராமகிருஷ்ணா உள்ளிட்டோருடன் 1999-ல் வெளியிட்ட கட்டுரை, எண்டோஸ்கோப்பியில் கிள்ளி எடுக்கும் சிறு சதைத் துணுக்கிலேயே வேறுபாடு தெரியும் என்று காட்டியது. காசநோயில் அழற்சி முடிச்சுகள் பெரிதாக, ஒன்றோடொன்று இணைந்து, நடுவில் செத்த திசுவோடு இருக்கும். கிரோனில் அவை சின்னவை, அங்கொன்றும் இங்கொன்றும். உலகப் பாடப்புத்தகங்கள் இன்றும் எடுத்தாளும் வேறுபாடு இது. சாதாரண நுண்ணோக்கியில் பொறுமையாகப் பார்த்துச் சொன்னதை நான் எந்தப் புது ஊசிக்கும் குறைவாக மதிக்க மாட்டேன்.

அதற்குப் பிறகு டெல்லி எய்ம்ஸில் கோவிந்த் மகாரியா, வினீத் அஹூஜா, சௌரப் கேடியா ஆகியோர் இன்னும் சில தடயங்களைச் சேர்த்தார்கள். சி.டி. ஸ்கேனில் வயிற்றுக்குள் இருக்கும் கொழுப்பு, தோலடிக் கொழுப்பைவிட விகிதத்தில் கூடுதலாக இருந்தால் கிரோன் பக்கம் சாயலாம். நடுவில் அழுகிய நிணநீர்க் கட்டிகள் காசநோயைக் காட்டும். எதிலும் முடிவாகவில்லை என்றால் காசநோய் மாத்திரையை ஆரம்பித்துவிட்டு, இரண்டு மூன்று மாதத்தில் மறுபடி எண்டோஸ்கோப்பி செய்கிறார்கள். காசநோய் என்றால் புண் ஆறியிருக்கும். கிரோன் நோயாளிகளில் சிலருக்கும் இந்த மாத்திரையால் வலி குறையும், ஆனால் புண் ஆறுவது அபூர்வம். “நல்லாத்தானே இருக்கேன், எதுக்கு இன்னொரு தடவை குழாய்” என்று அந்த இரண்டாவது எண்டோஸ்கோப்பியைத் தட்டிக்கழிப்பவர்கள் கோட்டை விடுவது இங்கேதான்.

எங்கே, எதைக் கேட்பது

தர்மபுரியில் 2008-லிருந்து அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. முதலில் அங்கே காட்டி, தேவைப்பட்டால் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் குடல் நோய்ப் பிரிவுக்குக் கடிதம் வாங்கிக்கொள்ளலாம். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டையைக் கையோடு கொண்டுபோய், எந்தச் சிகிச்சைக்குச் செல்லும் என்பதை அங்குள்ள கவுண்டரிலேயே விசாரித்துவிடுங்கள்.

மலத்தில் கால்ப்ரொடெக்டின் அளவு பார்க்கும் சோதனை கடந்த இருபது ஆண்டுகளில் வந்த உருப்படியான முன்னேற்றங்களில் ஒன்று. குடலில் அழற்சி இருந்தால் வெள்ளணுக்கள் விடும் புரதம் அது. ஒரு கிராமுக்கு 50 மைக்ரோகிராமுக்குக் கீழ் என்றால் அழற்சி இருக்க வாய்ப்பு குறைவு, 250-ஐத் தாண்டினால் குழாய் விட்டுப் பார்த்தே ஆக வேண்டும். வெறும் பதற்றத்தால் கலங்கும் வயிற்றையும் புண்ணான வயிற்றையும் பிரித்துச் சொல்லும். காசநோயையும் கிரோனையும் பிரிக்காது. வலி மாத்திரை சாப்பிட்டிருந்தால் அளவு பொய்யாக ஏறும். வைத்தியம் நடக்கும்போது மறுபடி மறுபடி குழாய் விடாமல் நிலவரம் அறியவும் இது போதும்.

மருந்து: பழையதும் புதியதும்

ஸ்வீடனைச் சேர்ந்த நன்னா ஸ்வார்ட்ஸ் 1940 வாக்கில் உருவாக்கிய சல்பாசலசின் இன்றும் சாகவில்லை. அதன் வழிவந்த மெசலமினோடு சேர்ந்து லேசான, நடுத்தர அல்சரேட்டிவ் கொலைட்டிஸுக்கு முதல் மருந்தாக நிற்கிறது. ஸ்டீராய்டு தீயை அணைக்கும், வீட்டைப் பழுதுபார்க்காது. மூன்று மாதத்துக்கு மேல் அதிலேயே ஓட்டுவது எலும்புக்கும் சர்க்கரைக்கும் கேடு.

அசாதயோப்ரின் விலை மலிவு, நீண்ட நாள் சாப்பிடலாம். ஐரோப்பியரைவிட ஆசியர்களுக்கு அது அதிகமாக ஒத்துக்கொள்ளாமல் போவது ஏன் என்பதற்கு 2014-ல் கொரிய ஆய்வாளர்கள் விடை கண்டார்கள். நட்15 என்ற மரபணுவின் ஒரு மாற்றம்தான் காரணம். இந்தியர்களிடமும் அந்த மாற்றம் உண்டு. மாத்திரை தொடங்கிய சில வாரங்களில் முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தால் வெள்ளணு சரிகிறது என்று பொருள். உடனே நிறுத்தி ரத்தம் பார்க்க வேண்டும்.

அடுத்தது ஊசி மருந்துகள். 1998-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இன்ஃப்ளிக்சிமாப் கிரோன் வைத்தியத்தையே மாற்றியது. அடலிமுமாபின் உலகின் முதல் மலிவுப் பிரதியை 2014 டிசம்பரில் கொண்டுவந்தது இந்தியாவின் ஜைடஸ் நிறுவனம். இவற்றில் நமக்குள்ள பெரிய கண்ணி, உறங்கிக் கிடக்கும் காசநோயை எழுப்பிவிடுவது. நெஞ்சு எக்ஸ்ரேயும் காசநோய்ப் பரிசோதனையும் செய்யாமல் முதல் ஊசி போட யாரும் சம்மதிக்கக் கூடாது. குடலை மட்டும் குறிவைக்கும் வெடோலிசுமாபில் அந்த ஆபத்து குறைவு.

இத்தகைய ஊசியை எப்போது தொடங்குவது? எல்லா மருந்தும் தோற்ற பிறகு என்பதே பழைய வழக்கம். பிரிட்டனில் 386 கிரோன் நோயாளிகளிடம் நடந்து 2024-ல் வெளியான புரொஃபைல் ஆய்வு அதை அசைத்துவிட்டது. நோய் தெரிந்தவுடனே இன்ஃப்ளிக்சிமாப் பெற்றவர்களில் 79 சதவீதம் பேர் ஸ்டீராய்டும் ஆபரேஷனும் இல்லாமல் ஒரு வருடத்தைக் கடந்தார்கள். படிப்படியாகப் போனவர்களில் அது 15 சதவீதம்தான்.

நம் ஊர்ப் பர்சுக்குப் பொருந்துவது மாத்திரையாகவே கிடைக்கும் டோஃபாசிடினிப். இந்தியாவில் மலிவுப் பிரதிகளும் உண்டு. லூதியானாவில் 104 தீவிர அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் நோயாளிகளிடம் நடந்த டாகோஸ் ஆய்வில், ஸ்டீராய்டோடு இதையும் பெற்றவர்களில் 83 சதவீதம் பேர் ஏழு நாளில் தேறினார்கள். ஸ்டீராய்டு மட்டும் பெற்றவர்களில் 59 சதவீதம். அக்கி வரலாம், ரத்தக்கட்டு வரலாம், காசநோயும் எழலாம் என்பதால் மெடிக்கலில் தானாக வாங்கிச் சாப்பிடும் சமாச்சாரம் அல்ல. ஒரு நாளைக்கு ஆறு முறையோ அதற்கு மேலோ ரத்தமாகப் போய், காய்ச்சலோ படபடப்போ சேர்ந்தால் அது ‘தீவிரம்’. அன்றைக்கே ஆஸ்பத்திரியில் சேர வேண்டும்.

மிரிகிசுமாப், குசெல்குமாப், உபாடசிடினிப் என்று பட்டியல் நீள்கிறது. டி.எல்.1ஏ என்ற மூலக்கூறைத் தடுக்கும் துலிசோகிபார்ட் 2024-ல் வந்த இரண்டாம் கட்டப் பரிசோதனை முடிவுகளில் நம்பிக்கை தந்திருக்கிறது. நம் மாவட்டத்து மருந்துச் சீட்டில் அது ஏறக் காலமாகும்.

ராகி, மஞ்சள், இன்னொன்று

21 நாடுகளில் 1,16,087 பேரைப் பின்தொடர்ந்து 2021-ல் வந்த ஆய்வு, பாக்கெட் பண்டங்களையும் குளிர்பானங்களையும் ஒரு நாளில் ஐந்து முறையோ அதற்கு மேலோ உண்பவர்களுக்குக் குடல் அழற்சி வரும் வாய்ப்பு சுமார் 80 சதவீதம் கூடுதல் என்றது. களியும் சாமைச் சோறும் தின்ற மாவட்டத்தில் கிராமத்துப் பெட்டிக்கடை வரை பாக்கெட் தொங்குவதை இத்துடன் சேர்த்துப் பாருங்கள். அதற்காக நோய் முற்றியிருக்கும்போது களிதான் மருந்து என்று கிளம்பிவிடக் கூடாது. குடல் சுருங்கியிருப்பவருக்கு நார் அடைப்பை உண்டாக்கும். அப்போது குழைந்த சோறு, ரசம், தோல் நீக்கிய காய், முட்டை. புண் ஆறிய பிறகு ராகிக்குத் திரும்பலாம்.

மஞ்சள் விளையும் மண் இது, ஆகவே அந்தக் கேள்வியும் வரும். மெசலமினோடு ஒரு நாளைக்கு 3 கிராம் குர்குமின் கொடுத்த 2015 ஆய்வில் லேசான, நடுத்தர நோயாளிகளில் பாதிப் பேருக்கு ஒரு மாதத்தில் நோய் அடங்கியது. ஆனால் மஞ்சள் தூளில் குர்குமின் நூற்றுக்கு மூன்று பங்கு அளவில்தான். 3 கிராமுக்கு 100 கிராம் தூள் விழுங்க வேண்டும்!

மூன்றாவது கேட்கவே சிலருக்குக் குமட்டும். ஆரோக்கியமானவரின் மலத்தைக் கரைத்து, வடிகட்டி, நோயாளியின் பெருங்குடலில் செலுத்துவது. 2022-ல் எய்ம்ஸ் வெளியிட்ட ஆய்வில் அழற்சி குறைக்கும் உணவுமுறையோடு இதை வாரம் ஒன்றாக ஏழு முறை செய்தார்கள். எட்டாவது வாரத்தில் 35 பேரில் 21 பேருக்கு நோய் அடங்கியது. வழக்கமான மருந்தை மட்டும் கூட்டிக் கொடுத்த 31 பேரில் 10 பேருக்கு. மலம் கொடுத்தவர்கள் அனைவரும் கிராமத்தார். பல வகை நுண்ணுயிர் வாழும் குடல் அங்கேதான் மிச்சமிருக்கிறது என்ற எண்ணத்தில் தேர்ந்தெடுத்தார்கள். வீட்டில் செய்து பார்க்கும் காரியமில்லை, மிகக் கடுமையான பரிசோதனைக்குப் பிறகே ஒருவரைக் கொடையாளியாக ஏற்கிறார்கள்.

கல்யாணம், குழந்தை

இதைப் பற்றி நோயாளிகள் டாக்டரிடம் வாய் திறப்பதில்லை. சல்பாசலசின் ஆண்களின் விந்தணுவைத் தற்காலிகமாகக் குறைக்கும், மருந்தை மாற்றினால் இரண்டு மூன்று மாதத்தில் மீளும். குழந்தை இல்லை என்று கோயில் கோயிலாக அலைவதற்கு முன் மருந்துச் சீட்டைக் காட்டிக் கேட்கலாம். கருவுற்றதும் பயந்து எல்லா மாத்திரையையும் நிறுத்தும் பெண்கள் அதைவிட ஆபத்தில் விழுகிறார்கள். நோய் கிளம்பினால் குறைப்பிரசவம் வரலாம். மெசலமின், அசாதயோப்ரின், இன்ஃப்ளிக்சிமாப் ஆகியவற்றைப் பொதுவாகத் தொடரலாம். மெத்தோட்ரெக்சேட்டும் டோஃபாசிடினிபும் கர்ப்பத்துக்கு முன்பே மாற வேண்டியவை.

இன்ஃப்ளிக்சிமாப், அடலிமுமாப் எடுத்த தாய்க்குப் பிறக்கும் குழந்தையின் ரத்தத்திலும் அந்த மருந்து மாதக்கணக்கில் இருக்கும். நம் நாட்டில் பிறந்த உடனே போடும் பி.சி.ஜி. தடுப்பூசியில் இருப்பது உயிருள்ள கிருமி. இத்தகைய தாயின் குழந்தை ஒன்று அந்தத் தடுப்பூசிக்குப் பின் இறந்ததை 2010-ல் பிரிட்டன் மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். ஆகவே பி.சி.ஜி.யை ஆறு மாதமாவது, சில சமயம் ஒரு வருடம் வரை, தள்ளிப்போடச் சொல்கிறார்கள். ஊசி எடுக்கும் விவரத்தைக் கர்ப்பிணி அட்டையிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பிரசவ வார்டில் அந்த நேரத்தில் யார் டியூட்டியில் இருக்கிறாரோ அவருக்கு அது தெரிய வேண்டும்.