ஆல்ப்ஸ் ஏரி நகரங்கள் – 4: தன் ஏரியை மீட்ட அன்சி

பிரான்சின் தென்கிழக்கில், ஆல்ப்ஸ் மலைகள் சமவெளியை நோக்கிச் சரியும் இடத்தில் இருக்கிறது அன்சி. ஓத் சவுவா மாவட்டத்தின் தலைநகரம். கடல் மட்டத்திலிருந்து 450 மீட்டருக்குச் சற்றுக் குறைந்த உயரத்தில், தன் பெயரையே கொண்ட ஏரியின் வடமுனையை ஒட்டி வளர்ந்த ஊர். 2017ல் சுற்றியிருந்த ஐந்து ஊர்கள் இதனுடன் இணைக்கப்பட்டன. அதன் பின் மக்கள்தொகை 1,20,000ஐத் தாண்டியது.

ஜெனீவா, கிரனோபிள், லியோன் ஆகிய மூன்று பல்கலைக்கழக நகரங்களும் அன்சியிலிருந்து ஒன்றரை முதல் இரண்டு மணி நேர ரயில் பயணத்தில் உள்ளன. அதனால் சனிக்கிழமை காலையில் வந்து ஞாயிறு மாலையில் திரும்பும் மாணவர் கூட்டத்தை ஆண்டு முழுவதும் இங்கே பார்க்கலாம். இந்தியாவிலிருந்து வந்து இப்பகுதியில் படிப்பவர்களும் அதில் உண்டு. அவர்கள் முதலில் வியப்பது ஏரி நீரின் தெளிவைக் கண்டுதான். அந்தத் தெளிவு இயற்கை மட்டும் கொடுத்ததன்று. ஒரு தலைமுறைக்குள் இழக்கப்படவிருந்து, ஊர்கள் சேர்ந்து எடுத்த முடிவால் காப்பாற்றப்பட்டது. அன்சியைச் சுற்றிப் பார்ப்பவர் அறிந்துகொள்ள வேண்டிய முதன்மையான செய்தி இதுவே.

ஏரியின் அமைப்பு

ஏறத்தாழ 18,000 ஆண்டுகளுக்கு முன் பெரும் பனிப்பாறைகள் உருகிப் பின்வாங்கியபோது, அவை குடைந்து வைத்த பள்ளத்தில் நீர் நிறைந்து ஏரி உருவானது. தொடக்கத்தில் அது தெற்கே இன்னும் நீண்டிருந்தது. மலையோடைகள் கொண்டுவந்த வண்டல் அந்தப் பகுதியை மெல்ல மெல்லத் தூர்த்துவிட்டது. இன்றைய ஏரியின் நீளம் 14.6 கி.மீ., மிகுந்த அகலம் 3.2 கி.மீ., பரப்பு ஏறத்தாழ 27 சதுர கி.மீ. சராசரி ஆழம் 41 மீட்டர். 82 மீட்டர் என்னும் மிகுந்த ஆழம் பூபியோ என்ற இடத்தில் உள்ளது. அங்கே ஏரியின் அடித்தளத்திலிருந்தே ஓர் ஊற்று பொங்குகிறது.

துவேன் என்ற சிற்றூர் அருகே நிலம் ஏரிக்குள் மூக்கு நீட்டுவதால், நீர்ப்பரப்பு வடக்கே பெரிய ஏரி, தெற்கே சிறிய ஏரி என இரண்டாகத் தோன்றும். கிழக்கே 2,351 மீட்டர் உயரமுள்ள தூர்னெத் சிகரம். மேற்கே காடடர்ந்த செம்னோ மலை. ஏரியின் நீர் முழுமையாக மாறுவதற்கு ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் ஆகின்றன. அதனால் உள்ளே விழும் அழுக்கு எளிதில் வெளியேறுவதில்லை. பின்னால் வரும் மாசு நெருக்கடிக்கு இந்த மெதுவான நீர்மாற்றமும் ஒரு காரணம்.

வந்து சேரும் வழி

கிரனோபிளிலிருந்து ரயில் சாம்பேரி, எக்ஸ் லே பேன் வழியாக வருகிறது. எக்ஸ் லே பேனுக்கு அப்பால் ஒற்றைத் தண்டவாளம்தான். எதிர்வண்டிக்கு வழிவிட ரயில் நிலையங்களில் காத்திருக்க நேரும் என்பதால் வேகத்தை எதிர்பார்க்க முடியாது. ஜெனீவாவிலிருந்து வருவோருக்கு 2019 டிசம்பரில் தொடங்கிய லேமான் எக்ஸ்பிரஸ் ரயில் உண்டு. பேருந்தும் உண்டு. சுவிட்சர்லாந்தில் வதிவிட அனுமதி பெற்றுப் படிக்கும் வெளிநாட்டு மாணவர் தனி விசா இல்லாமல் எல்லையைக் கடக்கலாம். ஆனால் பாஸ்போர்ட்டும் வதிவிட அட்டையும் கையில் இருக்க வேண்டும்.

ரயில் நிலையத்திலிருந்து பழைய நகரமும் ஏரிக்கரையும் நடக்கும் தொலைவில்தான் உள்ளன. நகர மையத்தில் ஓட்டல் வாடகை அதிகம். மாணவர்கள் பெரும்பாலும் செம்னோ மலைக்கு ஏறும் சாலையில் உள்ள இளைஞர் விடுதியிலோ, சற்றுத் தள்ளிய புறநகர்களிலோ தங்குகிறார்கள்.

சனிக்கிழமை: பழைய நகரம்

ஏரியின் உபரி நீர் தியூ என்ற சிற்றாறு வழியாக வெளியேறுகிறது. நீளம் மூன்றரை கிலோமீட்டர்தான். நகரத்தின் நடுவே ஓடி, ஃபியேர் ஆற்றில் கலந்து, அதன் வழியே ரோன் நதியைச் சேர்கிறது. இந்தக் குட்டி ஆறுதான் அன்சியை வளர்த்தது. ஏரியிலிருந்து வருவதால் இதில் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய சீராக நீர் ஓடும். அந்த நீரின் விசையில் மாவு ஆலைகளும் கொல்லுப் பட்டறைகளும் இயங்கின. 19ஆம் நூற்றாண்டில் பெரிய பருத்தி நூற்பாலை ஒன்றும் எழுந்தது. ஏரியின் நீர்மட்டத்தை இன்றும் தியூ ஆற்றின் மதகுகளே கட்டுப்படுத்துகின்றன.

ஆற்றின் நடுவே கப்பலின் முகப்பைப் போலக் கூர்மையாக நிற்கும் கல் கட்டடம் 'பலே த லீல்'. 12ஆம் நூற்றாண்டில் தோன்றிய இது காலப்போக்கில் நாணயச்சாலை, நீதிமன்றம், சிறைச்சாலை எனப் பல வேலைகளுக்குப் பயன்பட்டது. 1900ல் பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது. அருகிலுள்ள பாலத்தில் நின்று கீழே பார்த்தால் ஆற்றின் அடியில் கிடக்கும் கூழாங்கற்களைத் தனித்தனியாகப் பார்க்க முடியும். நகரத்தின் நடுவே ஓடும் நீர் இப்படி இருப்பது அரிது.

மேட்டில் நிற்கும் கோட்டை 12ஆம் நூற்றாண்டுக்கும் 16ஆம் நூற்றாண்டுக்கும் இடையே கட்டம் கட்டமாக எழுந்தது. ஜெனீவா பிரபுக்கள் இங்கே வாழ்ந்தனர். அவர்களுக்குப் பின் சவோய் அரச குடும்பத்தின் கிளை ஒன்று ஆண்டது. சவோய் நாடு பிரான்சுடன் இணைந்தது 1860ல்தான். சுற்றுலாவில் பிரெஞ்சு ஊராக அறியப்படும் அன்சியின் வரலாறு பெரும்பகுதி சவோய் வரலாறே. 1953ல் நகராட்சி இந்தக் கோட்டையை வாங்கியது. இன்று அது அருங்காட்சியகம்.

எழுத்தாளர்களின் காவலர்

1530களில் ஜெனீவா சீர்திருத்தத் திருச்சபையின் பக்கம் சென்றபோது, அதன் கத்தோலிக்க ஆயர்கள் அன்சிக்கு இடம்பெயர்ந்தார்கள். 1602ல் அந்தப் பொறுப்பேற்றவர் பிரான்சிஸ் தெ சலேஸ் (1567–1622). அதற்கு முன், இளம் குருவாக ஏரிக்கு வடக்கே ஷாப்லே பகுதியில் பணியாற்றியபோது, அவருடைய மறையுரையைக் கேட்க மக்கள் வரவில்லை. அவர் தம் கருத்துகளைத் துண்டுப் பிரசுரங்களாக எழுதி வீடு வீடாகச் சேர்த்தார். 1610ல் புனித சந்தாலுடன் சேர்ந்து அன்சியில் மினவுதல் சபையைத் தொடங்கினார். 1923ல் திருத்தந்தை பதினோராம் பத்திநாதர் அவரை எழுத்தாளர்கள், பத்திரிகையாளர்களின் பாதுகாவலராக அறிவித்தார். பிரான்சிஸ், சந்தால் இருவரின் திருப்பண்டங்களும் நகரத்துக்கு மேலே குன்றில் நிற்கும் பேராலயத்தில் வைக்கப்பட்டுள்ளன.

தமிழ்நாட்டுக்கும் இதில் நேரடித் தொடர்பு உண்டு. இத்தாலியில் தொன் போஸ்கோ 1859ல் தொடங்கிய சலேசிய சபை இவரின் பெயரையே தாங்கியது. அந்தச் சபையினர் 1906ல் இந்தியாவில் முதலில் காலூன்றிய இடம் தஞ்சாவூர். தொன் போஸ்கோ பள்ளிகளில் படித்த தமிழ் மாணவர் அன்சிக்கு வரும்போது, தம் பள்ளி நிர்வாகத்தின் பெயருக்குக் காரணமானவரின் ஊருக்கே வருகிறார்.

தத்துவ அறிஞர் ரூசோவின் வாழ்க்கையும் இங்கேதான் திசை மாறியது. ஜெனீவாவில் செதுக்குக் கலைஞரிடம் தொழில் பழகிவந்த அவர், அங்கிருந்து ஓடிவந்து 1728ஆம் ஆண்டு குருத்து ஞாயிறன்று மதாம் த வாரான்ஸைச் சந்தித்தார். அப்போது அவருக்கு வயது 15. தம் தன்வரலாற்றில், அந்தச் சந்திப்பு நிகழ்ந்த இடத்தைப் பொன் கிராதியால் சூழ வேண்டும் என்று விரும்பினார். இருநூறாண்டு நிறைவையொட்டி 1928ல் நகரத்தார் அதை நிறைவேற்றினார்கள். பழைய ஆயர் இல்லத்தின் முற்றத்தில் பொன்னிறக் கிராதி இன்றும் இருக்கிறது.

ஏரியின் நோயும் மருந்தும்

சனிக்கிழமை மாலையில் கூட்டம் திரளும் இடம் பாக்கியே என்னும் பரந்த புல்வெளி. ஒவ்வொரு ஜூன் மாதமும் நடக்கும் பன்னாட்டு அனிமேஷன் திரைப்பட விழாவின்போது இங்கே பெரிய திரை கட்டி, எல்லாரும் பார்க்கும்படி படம் காட்டுகிறார்கள். 1960ல் தொடங்கிய இந்த விழா அத்துறையில் உலகின் முதன்மையான சந்திப்பு. பாரிஸின் கோப்லான் பள்ளி மாணவர்கள் இதற்கென உருவாக்கும் குறும்படங்கள் காட்சிகளுக்கு முன் திரையிடப்படுகின்றன.

இதே கரையில் 1940களில் நிலைமை வேறு. சுற்றுலா பெருகியது. விடுதிகளும் வீடுகளும் தம் கழிவுநீரை நேராக ஏரியில் விட்டன. கழிவில் உள்ள பாஸ்பரஸ் பாசிகளுக்கு உரமாகிறது. பெருகிய பாசி மடிந்து அடியில் தங்கி அழுகும்போது ஆழ்நீரின் ஆக்சிஜன் தீர்ந்துபோகிறது. ஓம்பிள் ஷெவாலியே போன்ற குளிர்நீர் மீன்கள் ஆழத்துச் சரளைப் படுகைகளில் முட்டையிடுபவை. ஆக்சிஜன் இல்லாத நீரில் அந்த முட்டைகள் பொரியாது. ஆகவே நோய் முதலில் மீனவர் வலையில் தெரிந்தது.

மீன்களின் மேல் அக்கறை கொண்ட உள்ளூர் மருத்துவர் போல் செர்வெத்தா அபாயத்தை உரக்கச் சொன்னார். தொடக்கத்தில் அவரை நம்பியவர்கள் சிலரே. மேற்பார்வைக்கு நீர் இன்னும் நீலமாகவே இருந்தது. சுற்றுலா கெடும் என்று அஞ்சியவர்களும் இருந்தார்கள். நகர மேயர் ஷார்ல் போசோன் அவர் பக்கம் நின்றார். 1957ல் ஏரிக்கரை ஊர்கள் ஒன்றுசேர்ந்து கூட்டமைப்பு ஒன்றை அமைத்தன. 1961 முதல் ஏரியைச் சுற்றிக் கழிவுநீர்க் குழாய் வளையம் பதிக்கும் வேலை நடந்தது. 1970களில் அது முழுமை பெற்றது.

இத்திட்டத்தின் சிறப்பு அதன் கண்டிப்பில் உள்ளது. சுத்திகரித்த நீரையும் ஏரியில் விடுவதில்லை. எல்லாக் கழிவுநீரும் குழாய் வழியே ஏரிக்குக் கீழ்ப்புறம் கொண்டுபோகப்பட்டு, அங்கே சுத்திகரிக்கப்பட்டு ஃபியேர் ஆற்றில் சேர்கிறது. சட்டம் கட்டாயப்படுத்தும் முன்பே, சிறு ஊர்கள் தம் வரிப்பணத்தை மண்ணுக்கடியில் கண்ணுக்குத் தெரியாத ஒன்றில் போட்டன. இன்று நகரத்தின் குடிநீரும் இந்த ஏரியிலிருந்தே எடுக்கப்படுகிறது. தம் ஊர் ஏரிகளில் சாக்கடை கலப்பதைப் பார்த்து வளர்ந்த எந்த மாணவருக்கும், அன்சி கொடுக்கும் பாடங்களில் இதைவிடப் பெரியது இல்லை.

ஞாயிறு: சந்தையும் சைக்கிளும்

ஞாயிறு காலையில் பழைய நகரத் தெருக்களில் சந்தை கூடுகிறது. செவ்வாய், வெள்ளிக்கிழமைகளிலும் உண்டு. இங்கே வாங்க வேண்டியது ரெப்லோஷோன் பாலாடைக்கட்டி. அருகிலுள்ள தோன் பள்ளத்தாக்கைச் சேர்ந்த இது, ஏறத்தாழ அரைக் கிலோ எடையுள்ள தட்டையான வட்டம். இடைக்காலத்தில் குத்தகை விவசாயிகள் கறந்த பாலின் அளவுக்கேற்ப நிலவுடைமையாளருக்கு வாரம் செலுத்த வேண்டியிருந்தது. அளப்பவர் வரும் நாளில் மடியில் கொஞ்சம் மிச்சம் வைத்துக் கறந்து, அவர் போன பின் மறுபடி கறப்பார்களாம். கொழுப்பு மிகுந்த அந்த இரண்டாம் பாலில் பிறந்தது இது. வாங்கும்போது மேல்தோலில் ஒட்டியிருக்கும் சிறு வில்லையைப் பார்க்க வேண்டும். பச்சை வில்லை என்றால் ஒரே பண்ணையின் பாலில் அங்கேயே செய்தது. சிவப்பு என்றால் பல பண்ணைகளின் பாலைச் சேர்த்துச் செய்தது.

சந்தைக்குப் பின் வாடகை சைக்கிள். ஏரியை ஒரு முறை சுற்றிவர ஏறத்தாழ 40 கி.மீ. மேற்குக் கரையின் பாதை, 1901ல் திறக்கப்பட்டுப் பின்னர் கைவிடப்பட்ட அல்பெர்வில் இருப்புப்பாதையின் தடம். ரயில் போன வழி என்பதால் மேடு பள்ளம் குறைவு. வழியில் செவ்ரியேயில் பக்கார் மணிவார்ப்புக் குடும்பத்தின் அருங்காட்சியகம் உள்ளது. பாரிஸின் சக்ரே கேர் ஆலயத்தில் தொங்கும், ஏறத்தாழ 19 டன் எடையுள்ள 'சவுவாயார்த்' மணியை 1891ல் வார்த்தவர்கள் இவர்களே. செவ்ரியேயை ஒட்டிய நீருக்கடியில் பழங்கால மரத்தூண் குடியிருப்பின் எச்சம் இருக்கிறது. ஆல்ப்ஸைச் சுற்றியுள்ள 111 தூண் குடியிருப்பு இடங்களை யுனெஸ்கோ 2011ல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தபோது இதுவும் இடம்பெற்றது. துவேனில் பழைய ரயில் சுரங்கத்துக்குள் சைக்கிள் நுழைந்து வெளிவரும்போது சிறிய ஏரி தெரியும். அதன் தென்முனைச் சதுப்பு 1974 முதல் இயற்கைக் காப்பகம்.

கிழக்குக் கரையில் தலுவாரை நோக்கி ஏற்றம் கடுமையாகிறது. பழக்கமில்லாதவர்கள் துவேனிலிருந்தே திரும்புவது நல்லது. தலுவார் வேதியியலாளர் பெர்த்தொலே பிறந்த ஊர் (1748). குளோரினால் துணி வெளுக்கும் முறையை உலகுக்குத் தந்தவர் அவர். ஓவியர் செசான் 1896ல் இங்கே தங்கி, எதிர்க்கரையின் துவேன் கோட்டையை வரைந்தார். இந்த நிலக்காட்சி உல்லாசப் பயணிகள் ஏட்டில் வரைந்து பழகுவதற்கே ஏற்றது என்று அவர் நண்பருக்கு எழுதினார். ஆயினும் அழுத்தமான நீலமும் பச்சையும் கொண்டு அவர் தீட்டிய அந்த ஓவியம், லண்டன் கோர்த்தோல்ட் கலைக்கூடத்தின் பெருமைக்குரிய உடைமைகளில் ஒன்று.

இன்றைய சுமைகள்

மீட்கப்பட்ட ஏரிக்குப் புதிய சோதனைகள் வந்துள்ளன. 2018லும் 2022லும் நீடித்த வறட்சியில் நீர்மட்டம் தாழ்ந்து கரையோரச் சேற்றுத் தரை வெளியே தெரிந்தது. மதகை எவ்வளவு திறப்பது என்ற கேள்வி மீனுக்கும் நாணல் புதருக்கும் படகுக்கும் ஒரே நேரத்தில் விடை சொல்ல வேண்டிய ஒன்று. கோடையில் கரைச்சாலைகள் வாகனங்களால் திணறுகின்றன. ஜெனீவாவில் வேலை பார்த்து இங்கே குடியிருப்போர் பெருகியதால் வீட்டு வாடகை உள்ளூர் மக்களின் கைக்கு எட்டாமல் போகிறது.

வார இறுதிக்கு வரும் மாணவர் இதில் செய்யக்கூடியவை சிறியவை, ஆனால் உறுதியானவை: காரைத் தவிர்த்து ரயிலில் வருவது, நாணல் திட்டுகளுக்குள் இறங்காமல் குளிப்பதற்கென ஒதுக்கிய கரையில் மட்டும் நீந்துவது, குப்பையைத் திரும்ப எடுத்துச் செல்வது, கூட்டம் குறைந்த வசந்தத்தையோ இலையுதிர் காலத்தையோ தேர்ந்தெடுப்பது. 1957ல் தொடங்கிய கூட்டமைப்பு இன்றும் கழிவுநீர் வளையத்தையும் ஏரியையும் பராமரித்துவருகிறது. அந்த வேலை நிற்காத வரை நீர் தெளிவாக இருக்கும்.

(தொடரும்)