தீபாவளி அன்னிக்கு யார் பிளேட்லெட் கொடுப்பாங்க?

"ஃப்ரெண்டோட மனைவிக்கு பிளட் கேன்சர், நாங்க என்ன பண்ணலாம்?"னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. நான் அந்த ஃப்ரெண்டோட இடத்துல இருக்கறவன். அதனால அங்கிருந்தே சொல்றேன்.

என் மனைவிக்கு வந்தது ஏஎம்எல், அதாவது அக்யூட் மைலாய்டு லுகேமியா. முதல் கட்ட கீமோ ஏழு நாள்தான். கஷ்டம் அதுக்கப்புறம். மருந்து புற்றணுக்களோட சேர்த்து எலும்பு மஜ்ஜையில இருக்கற நல்ல அணுக்களையும் காலி பண்ணிடும். அது மறுபடி உற்பத்தியைத் தொடங்க மூணு, நாலு வாரம் ஆகும். அதுவரைக்கும் அடுத்தவங்க கொடுக்கற பிளேட்லெட்லதான் ஓட்டணும்.

நமக்கெல்லாம் பிளேட்லெட் ஒன்றரை லட்சத்துக்கு மேல இருக்கும். 10,000-க்குக் கீழ போனா, அடிபடாமலேயே உள்ளே ரத்தம் கசியலாம். அவளுக்கு ஒரு நாள் காலையில 8,000. ஈறுல ரத்தம். அது தீபாவளி வாரம். பாதி சென்னை கிளாம்பாக்கத்துல பஸ் ஏறிட்டு இருந்தது.

நல்லவேளை, என் ஆபீஸ் நண்பன் முதல் வாரமே ஒரு ஷீட் போட்டிருந்தான். வாட்ஸ்அப்ல கேட்டதும் இருபது பேர் "இப்பவே வர்றோம்"னாங்க. ஆனா பிளேட்லெட்டை 5 நாளைக்கு மேல வெச்சிருக்க முடியாது. இருபது பேரும் ஒரே நாள்ல கொடுத்தா, அடுத்த வாரம் யாரு? அதனால தேதிக்கு ரெண்டு பேர்னு பிரிச்சான்: ஒருத்தர் கொடுக்க, ஒருத்தர் ரிசர்வ்.

ரிசர்வ் ஏன்னா, வர்ற எல்லாராலயும் கொடுக்க முடியாது. வயசு 18-லிருந்து 60, எடை 50 கிலோவாவது இருக்கணும், மூணு நாளா ஆஸ்பிரின் போட்டிருக்கக் கூடாது, கை நரம்பு சரியா கிடைக்கணும். மெஷின் பிளேட்லெட்டை மட்டும் எடுத்துக்கிட்டு மிச்ச ரத்தத்தை உடம்புக்கே திருப்பி அனுப்பிடும். ஒண்ணரை மணி நேரம் ஆகலாம். 48 மணி நேரம் கழிச்சு மறுபடி கொடுக்கலாம். முழு ரத்தம் மாதிரி மாசக்கணக்குல காத்திருக்க வேண்டாம்.

அவ தம்பிதான் முதல்ல கையை நீட்டினான். டாக்டர் வேண்டாம்னுட்டார். பின்னாடி மஜ்ஜை மாற்று சிகிச்சை தேவைப்பட்டா, அவனே டோனரா இருக்கலாம். இப்பவே அவன் ரத்தத்தை ஏத்தினா, அப்போ அவன் மஜ்ஜையை அவ உடம்பு ஏத்துக்காமப் போகலாம். பையன் முகம் வாடிப் போச்சு. நைட் டியூட்டியை எடுத்துக்கிட்டான். நான் வீட்டுக்குப் போய் அஞ்சு மணி நேரம் தூங்கினது அவனாலதான்.

நேர்ல போய்ப் பார்த்தாதான் பாசம்னு நம்ம ஊர்ல ஒரு கணக்கு உண்டு. வெள்ளையணு இல்லாத உடம்புக்கு நம்ம சளியே ஆபத்து. கூட்டமா வராதீங்க, பூ கொண்டு வராதீங்க. எங்க மாடி வீட்டு அக்கா ஒரு தடவைகூட வார்டுக்கு வரலை. தினமும் பாப்பாவை ஸ்கூல்ல விட்டு, கூட்டிட்டு வந்து, ஹோம்வொர்க்கும் முடிச்சு வெச்சாங்க.

தீபாவளி அன்னிக்கு லிஸ்ட்ல முதல் ஆளுக்குக் காய்ச்சல். ரிசர்வ்ல இருந்தவர், நாங்க அதுக்கு முன்னாடி பார்த்தே இராத ஒருத்தர், புதுச்சட்டையோட வந்து மெஷின் பக்கத்துல படுத்தார். சாயங்காலம் ஏத்தினாங்க. மறுநாள் காலையில 31,000.

அடுத்த ரவுண்டு கீமோ வர்ற மாசம். ஷீட்டை மறுபடி திறந்திருக்கோம். ரெண்டு ஞாயிற்றுக்கிழமை இன்னும் காலியா இருக்கு.