தேர்வுத்தாள்களின் கைமாற்றமும் காப்பும்: குடவோலை முறை முதல் படைவீரர் தொலைநிலைத் தேர்வுகள் வரை

ஆய்வுச் சுருக்கம்

தேர்வு முறைகேட்டைத் தடுத்தல் என்பது பெரும்பாலும் தேர்வறைக் கண்காணிப்பாகவே கருதப்படுகிறது. ஆயினும் வினாத்தாளும் விடைத்தாளும் கைமாறும் இடங்களிலேயே காப்பு மிகுதியும் தளர்கிறது. இதனைத் தமிழ்நாட்டுத் தேர்வு நிகழ்வொன்றின் வழி விளக்கி, படைவீரர்களுக்கான தொலைநிலைத் தேர்வுகளுக்குப் பொருத்திக் காட்டுவதாக இக்கட்டுரை அமைகிறது.

திறவுச்சொற்கள்: தேர்வுக் காப்பு, குடவோலை, தொலைநிலைக் கல்வி, படைவீரர், விடைத்தாள்.

முன்னுரை

1985இல் தொடங்கப்பட்ட இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், தரைப்படை, கடற்படை ஆகியவற்றுடன் இணைந்து படைவீரர்களுக்கெனத் தனி மண்டல மையங்களை நடத்தி வந்துள்ளது. இளம் வயதிலேயே ஓய்வுபெறும் வீரர்க்கு இத்தகைய பட்டமே மறுவாழ்வுக்குத் துணையாகிறது. தேர்வின் நம்பகத்தன்மை குலைந்தால், நேர்மையாகப் பயின்றவரின் பட்டமும் மதிப்பிழக்கும். எனவே தேர்வுக் காப்பு நிருவாகச் சிக்கல் மட்டுமன்று; சமூக நீதி சார்ந்ததும் ஆகும்.

குடவோலை காட்டும் நெறி

முதலாம் பராந்தக சோழனின் உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) ஊரவை உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் முறையை விரித்துரைக்கின்றன. பெயர் எழுதிய ஓலைகள் இட்ட குடத்தை மூத்த நம்பி ஒருவர் அவையோர் அனைவரும் காணுமாறு உயர்த்திப் பிடிக்க வேண்டும். உள்ளே இருப்பதை அறியாத சிறுவன் ஓலையை எடுக்க வேண்டும். அதனைப் பெறும் மத்தியஸ்தன் ஐந்து விரலையும் விரித்த உள்ளங்கையில் ஏற்று, அவையறியப் படிக்க வேண்டும். பின்னர் நம்பிமார் அனைவரும் அதனைப் படிக்க வேண்டும்.

இங்குத் தனிமனிதர் ஒழுக்கத்தை மட்டும் நம்பும் போக்கு இல்லை. எந்தக் கட்டமும் ஒருவர் கையில் மறைவாக நிகழக் கூடாது என்பதே இதன் அடிப்படை நெறி.

2019 நிகழ்வு

தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் தொகுதி 4 தேர்வு 2019 செப்டம்பர் 1 அன்று நடைபெற்றது. இராமேசுவரம், கீழக்கரை மையங்களில் தேர்வெழுதியோர் பலர் தரவரிசையின் முன்னிடங்களைப் பெற்றதால் ஐயம் எழுந்தது. எழுதிய சில மணிநேரத்தில் மறையும் மையினால் விடைகள் குறிக்கப்பட்டதும், பின்னர் இடைத்தரகர் வழியாகச் சரியான விடைகள் குறிக்கப்பட்டதும் விசாரணையில் தெரியவந்தன. 2020 சனவரியில் 99 பேர் வாழ்நாள் முழுவதும் தேர்வெழுதத் தடை விதிக்கப்பட்டது. தரவரிசையில் இடம்பெற்றிருந்த 39 பேருக்குப் பதிலாகத் தகுதியுடைய வேறு 39 பேர் சேர்க்கப்படுவர் என ஆணையம் அறிவித்தது. முறைகேடு வெளிப்படாதிருந்தால் அந்த 39 பேரும் தாம் இழந்ததை அறியாமலேயே இருந்திருப்பர்.

இம்முறைகேடு நிறைவேறியது தேர்வறையில் அன்று. விடைத்தாள்கள் சென்னை நோக்கிச் சென்ற வழியில் என்பது கருதத்தக்கது. துறையூர் போன்ற வட்டத் தலைநகரில் தேர்வு மையம் அமைவது தேர்வர்க்கு நன்மையே. எனினும் அங்கிருந்து சென்னைக்குச் சுமார் 300 கிலோமீட்டர் தொலைவு. அத்தொலைவு முழுவதும் காப்பு தொடர வேண்டும்.

பின்னர் ஆணையம் செய்த மாற்றங்கள் இதனை உணர்ந்தவை. விடை தெரியாத வினாவுக்கு ஐந்தாவது வட்டத்தை நிரப்ப வேண்டும்; ஒவ்வொரு வகை விடையின் எண்ணிக்கையையும் தேர்வரே குறிக்க வேண்டும் என அப்போது விதிக்கப்பட்டது. வெற்றிடம் எஞ்சாததால் பிறர் பின்னர் நிரப்ப இயலாது.

படைவீரர் தேர்வுகளின் தனித்தன்மை

படைத்துறையும் இச்சிக்கலுக்கு விலக்கன்று. வினாத்தாள் கசிந்ததால், 2021 பிப்ரவரி 28 அன்று நடைபெறவிருந்த தரைப்படை ஆள்சேர்ப்புப் பொது நுழைவுத் தேர்வு நிறுத்தப்பட்டது. தொலைநிலைத் தேர்வில் மேலும் இரு இடர்கள் உள்ளன. ஒன்று, கண்காணிப்பாளரும் தேர்வரும் ஒரே பிரிவில் மேலதிகாரியும் கீழ்ப்பணியாளருமாக இருக்கக்கூடும். மற்றொன்று, பணி காரணமாக வீரர்கள் வெவ்வேறு நாள்களில் தேர்வெழுத நேர்ந்தால், முதல் நாள் எழுதியவர் வழியே வினாக்கள் பரவக்கூடும்.

இவற்றைத் தடுக்கப் பின்வருவன உதவும்:

1. கண்காணிப்பாளர் வேறு பிரிவினராக இருத்தல்.
2. வினாத்தாள் உறையை இருவர் முன்னிலையில், தேர்வர் காணப் பிரித்தல்.
3. ஒவ்வொரு நாளுக்கும் வேறு வினாத்தொகுதி அமைத்தல்.
4. ஒவ்வொரு கைமாற்றத்திலும் தாள்களை எண்ணி, நேரத்துடன் இருவர் ஒப்பமிடுதல்.
5. பயன்படாத தாள்களையும் கணக்கில் கொணர்தல்.

சட்டத்தின் எல்லை

2024 சூன் 21 அன்று நடைமுறைக்கு வந்த பொதுத் தேர்வுகள் (முறையற்ற வழிகள் தடுப்பு) சட்டம், திட்டமிட்ட குற்றங்களுக்கு 5 முதல் 10 ஆண்டு வரை சிறைத் தண்டனையும் குறைந்தது 1 கோடி ரூபாய் அபராதமும் விதிக்கிறது. எனினும் அதன் அட்டவணை மத்திய ஆள்சேர்ப்புத் தேர்வுகளையும் தேசியத் தேர்வு முகமையின் தேர்வுகளையுமே குறிக்கிறது. பல்கலைக்கழகங்களின் பருவத் தேர்வுகள் அதில் இடம்பெறவில்லை. ஆதலால் தொலைநிலைப் பட்டத் தேர்வுகளுக்குச் சீரான நடைமுறையே முதன்மைக் காப்பாகிறது.

முடிவுரை

தேர்வறையில் மேலும் ஒரு கண்காணிப்பாளரை நியமிப்பதைவிட, தாள்கள் ஒருவரிடம் மட்டும் தனித்திருக்கும் நேரத்தை நீக்குவதே பயனுடையது என்பது மேற்கண்ட சான்றுகளால் பெறப்படுகிறது. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னர் உத்திரமேரூர் அவை வகுத்துக்கொண்ட நெறியும் இதுவே. படைவீரர் தொலைநிலைத் தேர்வுகளின் கைமாற்றப் பதிவேடுகளை நேரில் ஆராய்வது, இத்துறையில் அடுத்து மேற்கொள்ளத்தக்க ஆய்வாகும்.